சாமி கும்பிடாதவருக்கு வாழ்க்கையில் பிடிப்பு எங்கிருந்து வரும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயிலோ சர்ச்சோ பள்ளிவாசலோ, பழக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்து ஒரு கட்டத்தில் மனம் விலகியவர்களும், சிறுவயதிலிருந்தே நம்பிக்கை இல்லாத வீட்டில் வளர்ந்தவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. கடவுள் உண்டா இல்லையா என்ற வாதத்துக்கு இங்கே இடமில்லை. அது உங்களுக்குள் முடிந்துவிட்டது, இனி திங்கட்கிழமை காலை எழுந்து என்ன செய்வது என்பதுதான் பேச்சு. சட்டம், படிவம் பற்றிய தகவல்கள் தமிழ்நாட்டுக்குப் பொருந்துபவை.

வாழ்க்கையின் பொருள் என்று எதைச் சொல்கிறீர்கள்?

"வாழ்க்கையில ஒரு பிடிப்பே இல்ல" என்று பேச்சில் சொல்கிறோமே, அந்தப் பிடிப்பைத்தான். 'அர்த்தம்' என்று சொன்னால் எங்கோ எழுதி ஒட்டியிருக்கும் விடையை நாம் போய்ப் படிக்க வேண்டும் போலத் தோன்றும். பிடிப்பு அப்படியல்ல. பிடிக்க ஒன்று வேண்டும், பிடிக்கும் கையும் வேண்டும்.

உளவியலாளர்கள் இதை மூன்றாகப் பிரிப்பார்கள். நடப்பது ஓரளவு புரிவது ஒன்று. போக ஒரு திசை இருப்பது இன்னொன்று. நாம் இருப்பதால் யாருக்கோ எதற்கோ ஒரு வித்தியாசம் உண்டு என்ற உணர்வு மூன்றாவது. பிரித்துப் பார்ப்பதில் ஒரு லாபம் இருக்கிறது, ஏனென்றால் இவை தனித்தனியாக உடைகின்றன. வேலை போனவருக்குத் திசை உடைகிறது. வீட்டில் இளவயதுச் சாவு விழுந்தால் புரிதல் உடைகிறது. பிள்ளைகள் வெளிநாட்டில் தங்கிவிட்ட வீட்டில் மூன்றாவது உடைகிறது. எது உடைந்தது என்று பார்க்காமல் கிடைத்த மருந்தை எல்லாம் தடவுவதுதான் வழக்கமான தவறு. பிள்ளைகள் இல்லாத வீட்டின் வெறுமைக்குத் தத்துவப் புத்தகம் வாங்கிக் கொடுத்துப் பயனில்லை. புரிதலில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

நம்பிக்கை போனதும் ஏன் இவ்வளவு வெறுமை? உண்மை தெரிந்தால் விடுதலையாக அல்லவா இருக்க வேண்டும்?

பலருக்கு முதல் சில மாதங்கள் விடுதலையாகத்தான் இருக்கும். வெறுமை அதற்குப் பின்னால் வரும். காரணம், நம்பிக்கை தனியாகப் போவதில்லை. வெள்ளிக்கிழமை என்றால் ஒரு வேலை, மார்கழி என்றால் ஒரு வேலை என்றிருந்த நேர ஒழுங்கு அதோடு போகிறது. கேட்காமலே கூடும் கூட்டம் போகிறது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் என்ன செய்வது என்ற தயார் வழிமுறை போகிறது. "நேர்ந்துகொண்டேன், செய்தே ஆக வேண்டும்" என்ற கட்டாயமும், நூறு பேரோடு சேர்ந்து வாய்விட்டுப் பாடும் சந்தர்ப்பமும் போகின்றன.

இழந்தது ஒரு கருத்தை என்று நினைப்பவர், பதிலுக்கு இன்னொரு கருத்தைத் தேடுகிறார். ஆனால் காலியான இடங்கள் பெரும்பாலும் பழக்கங்களின் இடங்கள். பழக்கத்தின் இடத்தைப் பழக்கத்தால்தான் நிரப்ப முடியும். இந்தப் பக்கத்தில் உள்ள ஏறக்குறைய எல்லா ஆலோசனையும் இதிலிருந்து பிறந்ததுதான்.

எனக்கு இருப்பது இந்த வெறுமையா, மனச்சோர்வு நோயா?

மற்றதை எல்லாம் படிக்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். பிடிப்பு இல்லாதவருக்கும் நல்ல பிரியாணி ருசிக்கும், நண்பன் வந்தால் சிரிப்பு வரும். அவன் போன பிறகுதான் "இதெல்லாம் எதுக்கு" என்று தோன்றும். நோயில் அந்த ருசியே இருக்காது. பெரும்பாலான நாட்கள், நாளின் பெரும்பகுதி, 2 வாரத்துக்கு மேல் மனம் கீழேயே கிடந்தால், அல்லது எதிலும் நாட்டம் இல்லாமல் போய், கூடவே தூக்கம், பசி, கவனம், சுறுசுறுப்பு ஆகியவையும் கெட்டால், அது தத்துவத்தின் எல்லையில் இல்லை. மருத்துவரைப் பாருங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் காத்திருக்க வேண்டாம். இந்தியாவில் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 என்ற இலவச எண்ணில் 24 மணி நேரமும் தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104, இலங்கையில் 1926.

இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். அப்படியானால் முதலில் நோய். சோர்ந்த மூளையை வைத்துக்கொண்டு வாழ்க்கையின் நோக்கத்தை ஆராய்ந்தால் கிடைக்கும் விடை சோர்வின் விடையாகவே இருக்கும்.

உட்கார்ந்து ஆழமாக யோசித்தால் என் நோக்கம் தெரிந்துவிடாதா?

பெரும்பாலும் தெரியாது. ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில்லின் கதை இதற்கு நல்ல சான்று. 1806இல் பிறந்தவர், தந்தை அவரை மதமே இல்லாமல் வளர்த்தார். உலகைச் சீர்திருத்துவதே வாழ்க்கை என்று இளமையிலேயே முடிவு செய்திருந்தார். 1826 இலையுதிர் காலத்தில், 20 வயதில், தன்னையே ஒரு கேள்வி கேட்டார்: நீ விரும்பும் சீர்திருத்தம் அத்தனையும் இந்த நொடியே நடந்துவிட்டால் நீ மகிழ்வாயா? இல்லை என்று உள்ளிருந்து பதில் வந்தது. அதோடு எல்லாம் சரிந்தது. மாதக்கணக்கில் இயந்திரம்போல வேலை பார்த்தார். ஒரு நினைவுக்குறிப்பு நூலில், தந்தையை இழந்த சிறுவன் குடும்பத்தைத் தாங்கத் துணியும் இடத்தைப் படித்தபோது கண்ணீர் வந்தது. அதுதான் முதல் விடிவு. பிறகு கவிதை வாசிப்பும் கைகொடுத்தது.

அவர் பிற்காலத்தில் வந்து சேர்ந்த முடிவு எளியது. மகிழ்ச்சியையே குறிவைப்பவருக்கு அது அகப்படாது. வேறொன்றில் மனம் பதித்தவருக்கு வழியில் கிடைக்கும். தூக்கம் வருகிறதா வருகிறதா என்று பார்த்துக்கொண்டே படுத்திருப்பவருக்குத் தூக்கம் வராததைப் போல.

ஆனால் தேடுவதே குற்றம் என்று இதற்குப் பொருள் இல்லை. வாழ்க்கைப் பொருளை அளக்கப் பயன்படும் 2006ஆம் ஆண்டுக் கேள்வித்தாள் ஒன்றில் 10 கேள்விகள்: 5 பிடிப்பு இருக்கிறதா என்று கேட்பவை, 5 தேடுகிறீர்களா என்று கேட்பவை. இரண்டையும் தனித்தனியாகத்தான் கூட்டுகிறார்கள். பிடிப்போடு இருந்துகொண்டே தேடுபவர் உண்டு; இரண்டும் இல்லாதவரும் உண்டு.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

ஒரு 40 பக்க நோட்டு, 14 நாள். இரவு படுக்கும் முன் 10 நிமிடம். அன்று செய்தவற்றில் 5 அல்லது 6 காரியங்களை வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று குறிப்பு: யாரோடு செய்தேன், யாருக்காகச் செய்தேன், நடுவில் மணி பார்த்தேனா. கடைசியில் 0 முதல் 5 வரை ஒரு மதிப்பெண். அந்த மதிப்பெண் சந்தோஷத்துக்கு அல்ல, "இதை விட்டிருந்தால் குறையாக இருந்திருக்குமா" என்பதற்கு. குழந்தைக்குக் காய்ச்சல் என்று இரவெல்லாம் விழித்திருந்தது சந்தோஷத்தில் 0, இந்தக் கணக்கில் 5.

இதில் கெடுவது மூன்று இடங்களில். செய்ததை எழுதாமல், செய்திருக்க வேண்டியதை எழுதுவது. யாரிடமும் காட்டப்போவதில்லை என்று முதல் பக்கத்திலேயே எழுதிக்கொண்டால் இது குறையும். மூன்று நாள் விட்டுவிட்டு நினைவிலிருந்து நிரப்புவது. விட்ட நாளை வெறுமையாக விடுங்கள். மொபைல் பார்த்த நேரத்தை எழுதாமல் விடுவது. அதையும் ஒரு காரியமாக எழுதி மதிப்பெண் போடுங்கள், கண்டிக்க வேண்டாம்.

15ஆம் நாள் 4, 5 வாங்கியவற்றை மட்டும் வட்டமிடுங்கள். பலருக்கு அங்கே 'வாழ்க்கை நோக்கம்' என்று சொல்லக்கூடிய எதுவும் இருக்காது. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மாத்திரை பிரித்து வைத்தது, தம்பி மகனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது, இரு மாதமாக ஓடாத தையல் மிஷினைப் பிரித்து ஓடவைத்தது போன்றவை இருக்கும். ஏமாற்றமடைய வேண்டாம், உங்கள் மூலப்பொருள் அதுதான். அவற்றில் ஒன்றே ஒன்றை எடுத்து, வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், 2 மணி நேரம் என்று 12 வாரத்துக்குக் கட்டுங்கள்.

அந்த ஒரு வேலையை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஒரு சோதனை போதும்: நீங்கள் வராவிட்டால் யாருக்கு நட்டம்? "யாருக்கும் இல்லை, எனக்குத்தான்" என்று பதில் வந்தால் அது நல்ல பொழுதுபோக்கு. ஓடுவதும் வாசிப்பதும் உடலுக்கும் மனதுக்கும் நல்லவைதான், ஆனால் மேலே சொன்ன மூன்றாவது பங்கை அவை தருவதில்லை.

பார்வையற்ற மாணவருக்குத் தேர்வு எழுதப் போவது இந்தச் சோதனையில் முழு மதிப்பெண் பெறும் வேலை. 3 மணி நேரத் தேர்வுக்கு மணிக்கு 20 நிமிடம் வீதம் கூடுதல் நேரம் உண்டு, ஆக 4 மணி நேரம் உட்கார வேண்டும். பல தேர்வுகளில் எழுதுபவரின் படிப்பு தேர்வரின் படிப்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்ற விதி இருப்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தேர்வுக்கு முன் ஒரு மணி நேரமாவது இருவரும் சேர்ந்து பழக வேண்டும்: அவர் சொல்லும் வேகம், பத்தி எங்கே முடிகிறது, படத்தையும் அட்டவணையையும் எப்படி வாசித்துக் காட்டுவது என்று. அவர் தவறாகச் சொன்னால் தவறாகவே எழுத வேண்டும்; திருத்தக் கை துறுதுறுக்கும். இதில் நடக்கும் பெரிய கேடு, ஒப்புக்கொண்டவர் அன்று காலை போன் எடுக்காமல் இருப்பது. ஒருவருக்கு அந்த ஆண்டே போகும். உங்கள் வருகைக்கு இவ்வளவு கனம் இருப்பதால்தான் அது பிடிப்பைத் தருகிறது.

ரத்ததானம் நேரம் குறைவாக உள்ளவருக்கு ஏற்றது. ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறை; எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5. முகாமில் ஒருமுறை கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதைவிட, ஒரே ரத்த வங்கியில் பெயர் பதிந்து முறை தவறாமல் போவது வேறு அனுபவம்.

மண் வேலை பிடிக்கும் என்றால் பனை. வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர், அக்டோபரில், ஏரிக்கரையில் ஒரு அடி ஆழத்தில் விதையை இட்டால் மழை பார்த்துக்கொள்ளும். பலன் தர 15 ஆண்டுக்கு மேல் ஆகலாம். நட்டவர் நுங்கு தின்பது நிச்சயமில்லை. தவறு நடப்பது இடத்தில்: கரையில் இடாமல் நீர் நிற்கும் பகுதியில் இடுகிறார்கள், அல்லது அடுத்த ஆண்டு தூர்வாரும் இயந்திரம் வரப்போகும் இடத்தில். ஆயிரம் விதை இட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காததைவிட ஐம்பது இட்டு மூன்று ஆண்டு போய்ப் பார்ப்பது மேல்.

தொடங்கியது ஏன் ஐந்தாவது வாரத்தில் நின்றுபோகிறது?

புதுமை போய்விட்டதால். முதல் மூன்று வாரம் ஆர்வம் தள்ளிக்கொண்டு போகும். அதன் பிறகு சலிப்பு வரும். சலிப்பு வந்ததும் "இது என் வழி அல்லபோல" என்று முடிவு கட்டுகிறார்கள். எல்லா வழியிலும் ஐந்தாவது வாரம் ஒன்று உண்டு. 12 வாரம் என்று முதலிலேயே எண் வைப்பது இதற்காகத்தான். 12 முடியும்வரை "தொடரலாமா" என்ற கேள்வியை எடுக்கக் கூடாது. 21 நாளில் பழக்கம் ஒட்டிவிடும் என்பதெல்லாம் மேடைப் பேச்சு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்து நடத்திய ஆய்வில், தினசரிப் பழக்கம் ஒன்று தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரி 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254 என்று கணக்கிட்டார்கள்.

இன்னொரு காரணம், தொடங்கிய அன்றே ஸ்டேட்டஸ் போடுவது. பாராட்டு முன்கூட்டியே வந்துவிடுகிறது. பிறகு வேலைக்கு என்ன மிச்சம்?

'இக்கிகாய்' வட்டப் படம் போட்டுப் பார்த்தேன். எனக்கு நடுவில் ஒன்றுமே வரவில்லையே?

வராததில் வியப்பில்லை. 'இக்கிகாய்' என்பது வாழ்க்கைப் பிடிப்பைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்தான். ஆனால் பிடித்தது, தெரிந்தது, உலகுக்குத் தேவையானது, சம்பளம் தருவது என்ற அந்த நான்கு வட்டங்கள் ஜப்பானிலிருந்து வந்தவை அல்ல. ஸ்பெயினைச் சேர்ந்த ஆந்த்ரேஸ் சுசுனாகா வரைந்த 'நோக்கம்' படத்தின் நடுச்சொல்லை எடுத்துவிட்டு, 2014இல் மார்க் வின் என்பவர் 'இக்கிகாய்' என்று எழுதினார். அது உலகம் சுற்றிவிட்டது.

ஜப்பானில் அந்தச் சொல்லை ஆராய்ந்து 1966இல் நூல் எழுதியவர் காமியா மியேகோ என்ற மனநல மருத்துவர். நாகாஷிமா தீவில், தொழுநோயாளிகளை ஊரிலிருந்து பிரித்து வைத்திருந்த ஐசேயென் காப்பகத்தில் பணியாற்றியவர். நோய் கடுமையாக இருந்தும் பிடிப்போடு இருந்தவர்களையும், அவ்வளவு கடுமை இல்லாதபோதும் பிடிப்பை இழந்தவர்களையும் ஒரே இடத்தில் பார்த்தார். அங்கே சம்பள வட்டத்துக்கு என்ன வேலை? உழைக்கும் வேலையே பிடிப்பாகவும் அமைந்தால் நல்லது. அமையாவிட்டால் குறையில்லை, வேலையை வேலையாகப் பார்த்துவிட்டு, பிடிப்பை வேறிடத்தில் வைத்துக்கொள்ளலாம். 60 வயதில் ஓய்வு பெறும்போது விழும் அடியும் இவர்களுக்குக் குறைவு.

துன்பத்திலும் பொருள் உண்டு என்கிறார்களே, அது ஏழைகளை அடங்கிப்போகச் சொல்லும் பேச்சு இல்லையா?

அப்படியும் பயன்படுத்துகிறார்கள், ஆனால் அதைச் சொன்னவர் அப்படிச் சொல்லவில்லை. விக்டர் பிராங்கல் வியன்னாவின் யூத மனநல மருத்துவர். 1942 முதல் 1945 ஏப்ரலில் விடுவிக்கப்படும்வரை, அவுஷ்விட்ஸ் உட்பட 4 முகாம்களில் இருந்தார். தாய், தந்தை, சகோதரர், மனைவி எல்லாரையும் இழந்தார். பிடிப்பு வரும் வழி மூன்று என்றார்: ஒன்றைச் செய்வதில், ஒன்றையோ ஒருவரையோ நேசிப்பதில், தவிர்க்கவே முடியாத துன்பத்தின் முன் நாம் எடுக்கும் நிலையில். 'தவிர்க்கவே முடியாத' என்பதுதான் சாவி. தவிர்க்கக்கூடியதைத் தவிர், தேவையில்லாமல் துன்பப்படுவது வீரம் அல்ல என்பதையும் அவரே தெளிவாக எழுதியிருக்கிறார். கூலி தராத முதலாளி தவிர்க்கக்கூடிய துன்பம். அங்கே தேவை தொழிற்சங்கம்.

ஞாயிறு சாயங்காலம் வேலையின் இரைச்சல் அடங்கியதும் வரும் வெறுமைக்கு 'ஞாயிற்றுக்கிழமை நரம்புநோய்' என்ற சொல்லைப் பயன்படுத்தியவரும் அவர்தான். உங்களுக்கு அது உண்டென்றால் மேலே சொன்ன 2 மணி நேரத்தை ஞாயிறு மாலை 5 மணிக்கு வையுங்கள்.

செத்தால் எல்லாம் முடிந்தது என்றால் எதைச் செய்தும் என்ன பயன்?

விடியலில் போட்ட கோலம் மாலைக்குள் மிதிபட்டு அழிகிறது. அதனால் கோலம் போடுவது வீண் என்று எந்த வீட்டிலும் சொல்வதில்லை. முடிவு இருப்பதால் மதிப்பு போய்விடும் என்றால், முடிவே இல்லாததால் மட்டும் மதிப்பு எப்படி வரும்? பயனற்ற ஒரு நாளை முடிவில்லாமல் நீட்டினால் முடிவில்லாத பயனற்ற காலம்தான் கிடைக்கும். சாவின் பயம் இதனால் போய்விடாது, அது உடம்போடு வந்தது. பயத்தையும் வாதத்தையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

பிரபஞ்சத்தில் நாம் ஒரு தூசிதானே?

பிரபஞ்சம் நம் தாலுகா அளவுக்குச் சிறிதாக இருந்திருந்தால் நாம் இன்னும் முக்கியமானவர்களாக ஆகியிருப்போமா?

கடவுள் பயம் இல்லாமல் ஒழுக்கம் எப்படி?

பயத்தால் வருவது ஒழுக்கம்தானா என்பது பழைய கேள்வி. பக்தர்களிலும் திருடர் உண்டு, நாத்திகரிலும் உண்டு. இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம்.

கூடிப் பேச ஓர் இடம் வேண்டும். எப்படி அமைப்பது?

லண்டனில் 2013 ஜனவரியில் இரண்டு நகைச்சுவைக் கலைஞர்கள் 'சண்டே அசெம்ப்ளி' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். கடவுள் இல்லாத ஞாயிறு வழிபாடு: பாட்டு, ஒரு பேச்சு, கொஞ்சம் மௌனம், பிறகு தேநீர். வேகமாகப் பல நாடுகளுக்குப் பரவியது; வந்த வேகத்தில் பல கிளைகள் மூடவும் செய்தன. கோயிலுக்கும் சர்ச்சுக்கும் ஆள் வருவது பேச்சுக்காக மட்டும் இல்லை. வராவிட்டால் ஒருவர் விசாரிப்பார், குழந்தைகளுக்கு அங்கே வேலை இருக்கும், சாப்பாடு இருக்கும், நமக்கென்று ஒரு பொறுப்பு இருக்கும். இவை நான்கும் இல்லாத கூட்டம் நீடிப்பது கடினம்.

தமிழ்நாட்டில் புதிதாகத் தொடங்கத் தேவை அதிகம் இல்லை. அரசு நூலகங்களின் வாசகர் வட்டங்கள், 1980 முதல் இயங்கும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் கிளைகள், ரத்ததானக் குழுக்கள் இருக்கின்றன. நீங்களே தொடங்குவதென்றால் 8 முதல் 12 பேர், மாதத்தின் இரண்டாம் ஞாயிறு என்று மாறாத நாள், சுழற்சியில் வீடு, எளிய சாப்பாடு. "எல்லாருக்கும் வசதியான நாள் பார்ப்போம்" என்று ஆரம்பித்தால் மூன்றாம் மாதம் கூட்டம் இருக்காது. பேச்சு மதத்தைக் கிண்டல் செய்வதிலேயே சுற்றினாலும் அப்படியே. கிண்டலுக்கு எல்லாரும் வருவார்கள், மருத்துவமனைக்குத் துணைக்கு யாரும் வரமாட்டார்கள். வாட்ஸ்ஆப் குழு தேதி சொல்ல உதவும், கூட்டமாகாது.

மதச் சடங்கு இல்லாமல் கல்யாணம் செல்லுமா?

செல்லும். 1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் தொடங்கிய சுயமரியாதைத் திருமண முறைக்கு, இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்து அண்ணா அரசு சட்ட ஏற்பு தந்தது. 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முன் நடந்தவையும் செல்லும் என்றானது. உறவினரோ நண்பரோ முன்னிலையில், இருவருக்கும் புரியும் மொழியில் ஒருவரை ஒருவர் துணையாக ஏற்பதாகச் சொல்வது, அல்லது மாலையோ மோதிரமோ மாற்றுவது, அல்லது தாலி கட்டுவது, இதில் ஏதேனும் ஒன்று போதும். புரோகிதர் வேண்டாம். ஊரறிய நடத்த வேண்டிய கட்டாயமும் இல்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இரண்டு கவனங்கள். இந்தப் பிரிவு சட்டப்படி இருவரும் இந்துக்களாக இருந்தால்தான். ஒருவர் கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ பிறந்திருந்தால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் போக வேண்டும். அதில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும், அறிவிப்புக்குப் பின் 30 நாள் காத்திருப்பு, 3 சாட்சிகள், அறிவிப்பு கொடுத்து 3 மாதத்துக்குள் முடிக்க வேண்டும். எந்த முறையானாலும் 90 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். மேடையில் தலைவர் வாழ்த்தியதற்கு வீடியோ இருக்கும், பதிவுச் சான்று இருக்காது. சான்று கேட்கும் இடத்தில் தெரியும்.

சடங்கைக் குறைப்பவர்கள் நேரத்தையும் குறைத்துவிடுகிறார்கள். 15 நிமிடத்தில் உறுதிமொழி முடிந்து எல்லாரும் பந்திக்கு ஓடினால், மணமக்களுக்கே ஏதோ நடக்காதது போல இருக்கும். உறுதிமொழியை அவர்களே எழுதி, மைக்கில் மெதுவாகச் சொல்லட்டும். தலைவர்களின் வாழ்த்துரைக்கு ஆளுக்கு 5 நிமிடம்.

சாவு வீட்டில் என்ன செய்வது?

சீர்திருத்தக்காரர்கள் அதிகம் தவறும் இடம் இது. 16ஆம் நாள் கருமாதி வேண்டாம் என்று நிறுத்துகிறார்கள். நிறுத்திய இடத்தில் எதையும் வைப்பதில்லை. மூன்றாம் நாள் எல்லாரும் ஊர் திரும்ப, நான்காம் நாள் அந்த அம்மா தனியாக உட்கார்ந்திருக்கிறார். கருமாதியில் மந்திரத்தைத் தவிர இன்னொன்றும் இருந்தது: இரண்டு வாரம் வீட்டில் ஆள் இருப்பார்கள், துக்கத்துக்கு ஒரு நாள் குறித்திருக்கும், அந்த நாளில் எல்லாரும் மறுபடி வருவார்கள்.

ஆகவே நாளை விடாதீர்கள். 16ஆம் நாளோ அதை ஒட்டிய ஞாயிறோ, நினைவேந்தல் வையுங்கள். ஒன்றேகால் மணி நேரம் போதும். பேசுபவர் 4 பேர், ஆளுக்கு 5 நிமிடம். வீட்டாரில் ஒருவர், தெருவில் ஒருவர், வேலை செய்த இடத்தில் ஒருவர், ஒரு பேரப்பிள்ளை. போனவர் கையில் புழங்கிய ஒரு பொருளை முன்னால் வையுங்கள், கடை நோட்டோ கத்தரிக்கோலோ. அவர் கோபக்காரர் என்றால் அதையும் சொல்லுங்கள். எல்லாம் புகழாக இருந்தால் யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே தெரியாது. பிறகு சாப்பாடு. இடைப்பட்ட 15 நாளுக்கு வீட்டில் யார் தங்குவது என்று முறை போட்டு எழுதிவிடுங்கள். நினைவேந்தலைவிட இது முக்கியம். ஆண்டு நினைவில் அந்தத் தேதிக்கே ரத்தம் கொடுப்பதோ ஒரு விடுதிக்குச் சாப்பாடு போடுவதோ வைத்துக்கொள்ளலாம்.

போனவரின் மனைவிக்கு நம்பிக்கை இருந்து, கருமாதி வேண்டும் என்றால் செய்யட்டும். துக்கம் அவருடையது. பூவையும் பொட்டையும் வளையலையும் பறிக்கும் பகுதியை மட்டும், அவரே கேட்காதவரை, யார் வந்து சொன்னாலும் அனுமதிக்கக் கூடாது.

உடல் தானம் கொடுக்க எழுதி வைத்தால் போதுமா?

போதாது. அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் படிவம் வாங்கி, சாட்சிகளோடு கையெழுத்திட்டுக் கொடுக்கலாம். ஆனால் இறந்தபின் உடலை ஒப்படைப்பது வாரிசுகள். அவர்கள் மறுத்தால் நடக்காது. படிவம் நிரப்புவது 10 நிமிட வேலை, வீட்டில் பேசுவதுதான் உண்மையான வேலை. மரண நேரத்தில் மருத்துவரின் இறப்புச் சான்று வேண்டும், துறைக்கு உடனே போன் செய்ய வேண்டும். பிரேதப் பரிசோதனை நடந்த உடலையும், சில தொற்றுநோய்கள் இருந்த உடலையும் ஏற்க மாட்டார்கள். ஆகவே "ஏற்காவிட்டால் தகனமா அடக்கமா" என்பதையும் சொல்லி வையுங்கள்.

கண் தானம் என்றால், இறந்த 6 மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும். இமைகளை மூடி ஈரப் பஞ்சு வையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், தலையைத் தலையணையால் சற்று உயர்த்துங்கள். கண்ணாடி போட்டவர், சர்க்கரை உள்ளவர், கண்புரை அறுவை செய்தவர் எல்லாரும் கொடுக்கலாம். மூளைச்சாவுக்குப் பின் உறுப்பு தானம் செய்பவர்களுக்கு அரசு மரியாதை என்று தமிழ்நாடு 2023 செப்டம்பரில் அறிவித்தது. 2024இல் மறைந்த மார்க்சிஸ்ட் கட்சித் தலைவர் சீதாராம் யெச்சூரியின் உடல் டெல்லி எய்ம்ஸுக்கு வழங்கப்பட்டது.

"தாத்தா எங்கே போனார்?" என்று குழந்தை கேட்டால்?

"தூங்குகிறார்" என்று சொல்லாதீர்கள்; அன்று இரவிலிருந்து தூங்கப் பயப்படும். "தாத்தா உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது. இனி வலிக்காது, பசிக்காது. திரும்பி வரமாட்டார்" என்று சின்ன வாக்கியங்களில் சொல்லுங்கள். 5 வயதுக்குள் உள்ள குழந்தைக்குத் 'திரும்பி வராது' என்பது எளிதில் புரியாது, ஒரே கேள்வியைப் பலமுறை கேட்கும். ஒவ்வொரு முறையும் அதே பதில். பாட்டி "சாமிகிட்ட போயிட்டார்" என்று சொன்னால், "பாட்டி அப்படி நம்புறாங்க, நான் இப்படி நினைக்கிறேன்" என்பது போதும்.

அம்மாவோடு கோயிலுக்குப் போகலாமா?

போங்கள். வண்டி ஓட்ட ஆள் வேண்டும், படியில் கைபிடிக்க ஆள் வேண்டும். திருநீறு பூசும் இடத்தில் வாதம் வேண்டாம்.

இதெல்லாம் மேலைநாட்டுச் சரக்குதானே?

ஒரு பகுதி அப்படித்தான். மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் சென்னையில் 1878இலேயே சுதந்திரச் சிந்தனையாளர் சங்கம் இருந்தது. 1882 முதல் 1888 வரை 'தத்துவ விவேசினி' என்ற தமிழ் இதழை நடத்தினார்கள். அதற்கும் வெகு முன்னால், புறநானூற்றின் 194ஆம் பாட்டில் ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் கல்யாண முழவு. இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று படைத்தவனையே திட்டிவிட்டு, உலகம் கொடியதுதான், அதன் இயல்பு தெரிந்தவர் இனியதைக் காணட்டும் என்று முடிக்கிறார் பக்குடுக்கை நன்கணியார். இறக்குமதி என்று சொல்ல இடமில்லாத பாட்டு.

பிற்காலத்தில் மறுபடி நம்பிக்கை வந்துவிட்டால்?

வரலாம், பலருக்கு வந்திருக்கிறது. யாரிடமும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. உடல் தானப் படிவத்தில் மனம் மாறியிருந்தால் மட்டும் கல்லூரிக்கும் வீட்டாருக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். தேர்வு எழுத ஒப்புக்கொண்ட சனிக்கிழமை காலை பூஜை இருந்தால், பூஜையைச் சற்று முன்னாடியே முடித்துவிட்டுக் கிளம்புங்கள். தேர்வு பத்து மணிக்கு.